நூலாசிரியர் வரவில்லை

“இப்ப நீ வெளிய வந்தா ஒரு புக்குகூட விக்காது” என்று கதவை மறித்து நின்றான் ராஜா.

கமலக்கண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. சொந்தச் செலவில் அச்சடித்த முதல் கவிதைப் புத்தகம். முத்தியால்பேட்டை மண்டபத்தில் இன்று வெளியீடு. நண்பன் ராஜாவோ காலையிலேயே அவனுடைய போனைப் பிடுங்கிக்கொண்டு, மேடைக்குப் பக்கத்து அறையில் அடைத்துவிட்டான்.

“எழுதுனவனே முன்னாடி நின்னு விக்கணும்னு நீதானடா சொன்ன?”

“அது மத்தவங்களுக்கு. நீ கம்முனு உக்காரு.”

“கூட்டம் இருக்கா?”

“சேர் பத்தல. வீராம்பட்டினத்துலேர்ந்து உன் பெரியப்பா வூட்டு சனம் மொத்தமும் வந்துருக்கு.”

“பாகம் பிரிச்சதுலேர்ந்து பேசாதவங்கடா அவங்க!”

“ஆளுக்கு ரெண்டு புக்கு வாங்கிட்டாங்க. சத்தம் போடாத.”

வெளியே மைக்கில் யாரோ அவன் கவிதையை வாசித்தார்கள். பாதியிலேயே குரல் உடைந்தது. பெண்கள் விசும்பினார்கள்.

கமலக்கண்ணனுக்குத் திக்கென்றது. அது வாழைக்காய் பஜ்ஜியைப் பற்றிய கவிதை.

ராஜாவைத் தள்ளிவிட்டுக் கதவை லேசாகத் திறந்தான். எதிர்ச் சுவரில் பெரிய பேனர். நடுவில் அவன் படம், இருபுறமும் குத்துவிளக்கு. மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே மாலைகள் குவிந்து கிடந்தன.

“பேனர் கடைக்காரன் டிசைன மாத்திப் போட்டுட்டான்டா. இடமும் நேரமும் மட்டும் சரியா இருக்கு. ஊரு பூராவும் கட்டிட்டான்” என்று ராஜா தலையைச் சொறிந்தான்.

கமலக்கண்ணன் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.

“இன்னும் எத்தினி புக்கு பாக்கி இருக்கு?”