நாலு புள்ளி எட்டு வோல்ட்

"மோந்து பாரு! நல்லா மூக்கை வச்சு மோந்து பாரு!"

கணவரின் பழைய மழைக்கோட்டைக் கடை மேசைமேல் வீசினாள் க்ளெனிஸ். கோட்டுக்குச் சொந்தக்காரரான இட்ரிஸ் ஹோவல்ஸ், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் வாசலருகிலேயே நின்றார். வெளியே, ரோண்டா பள்ளத்தாக்கில் வழக்கம்போல் மழை.

வேப் எனும் மின்சிகரெட் விற்கும் அந்தக் கடையை நடத்தும் மெய்ராவுக்கு இருவரையும் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் ஜோடியாக வந்து, சிகரெட்டை விடும் திட்டத்தில் பெயர் எழுதிக்கொண்டவர்கள். இட்ரிஸ் வேப் வாங்கிக்கொண்டார். க்ளெனிஸ் மட்டும், "எனக்கு எந்தக் குழலும் வேணாம், மன உறுதி போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஊர் முழுக்க அந்த மன உறுதியைப் பற்றித்தான் பேச்சு.

"ஞாயித்துக்கிழமை எங்க பொண்ணு செரன் வந்தா. குழந்தையைக் கார்லயே புருஷன்கிட்ட விட்டுட்டு, அவ மட்டும் உள்ள வந்து மோப்பம் பிடிக்கிறா. 'சிகரெட் நாத்தம் அடிக்குது. ரெண்டு பேர்ல யாரு குடிக்கிறீங்களோ, அவங்க கையில என் பிள்ளையைக் குடுக்க மாட்டேன்'னுட்டா. பேத்திய நான் கார் கண்ணாடி வழியா பாத்தேன் மெய்ரா, மழையில நின்னுக்கிட்டு!" க்ளெனிஸின் குரல் உடைந்தது. "சனிக்கிழமை மறுபடி வரா. அதுக்குள்ள இந்த மனுஷனுக்கு ஒரு வழி பண்ணு."

"மிஸ்டர் ஹோவல்ஸ் என்ன சொல்றார்?"

"வேப்தான் நாறுதாம். வோல்ட்டைக் கூட்டி வச்சா அப்படித்தானாம்!"

மெய்ரா கையை நீட்டினாள். இட்ரிஸ் தயங்கித் தயங்கிக் கருவியைக் கொடுத்தார். அதன் சின்னத் திரையில் நாலு புள்ளி எட்டு என்றிருந்தது.

"நான் மூணு புள்ளி ஆறுல வச்சுக் குடுத்தேனே. இதை யாரு ஏத்தினது?"

"நான்தான். இதுலதான் எனக்கு சுகமா இருக்கு."

"எங்கே, ஒரு இழுப்பு இழுங்க."

இழுத்தார். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கண் இரண்டும் குளமாகி, கடை முழுக்கக் கருகல் வாடை பரவியது. "சுகம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மெய்ராவுக்குச் சந்தேகம் தட்டியது. "வோல்ட்டைக் கூட்டினா ருசி கூடும், ஆவி கூடும், தொண்டையில கதகதன்னு படும். அதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனா உள்ள சூடாகுற இந்தக் கம்பிச் சுருளுக்கு நாலைத் தாண்டினா அதுல இருக்கிற பஞ்சு கருகிடும். நீங்க வாராவாரம் புதுச் சுருள் வாங்கிட்டுப் போறப்பவே யோசிச்சேன். கருகின பஞ்சை எவனாவது சுகத்துக்கு இழுப்பானா?"

இட்ரிஸ் சுவரில் இருந்த விலைப்பட்டியலை அக்கறையாகப் படித்தார்.

மெய்ரா கோட்டை எடுத்து முகர்ந்தாள். "இது பஞ்சு இல்ல. அசல் சிகரெட்."

"பாத்தியா! நான் சொன்னா என்னைப் பைத்தியம் மாதிரி பாப்பார்!" க்ளெனிஸ் துள்ளினாள். "முழங்கால் வலின்னு சோபாவை விட்டு எழுந்திரிக்கிறதில்ல. மழையில நாயைக் கூட்டிட்டுப் போக நான்தான் இந்த நாத்தக் கோட்டை மாட்டிக்கணும். எதிர்ல வர்றவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

மெய்ரா இழுப்பறையிலிருந்து உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை எடுத்தாள். "இந்த வாரம்தான் திட்டத்துலேர்ந்து அனுப்பினாங்க. பதினஞ்சு நொடி மூச்சைப் பிடிச்சு இதுல ஊதணும். வேப் இழுத்திருந்தா இது கண்டுக்காது. சிகரெட் குடிச்சிருந்தா எண் எகிறிடும்."

இட்ரிஸின் முகம் வெளுத்துப்போனது. "இன்னைக்கு வேணாம். பஸ் போயிடும்."

"அடுத்த பஸ் அரை மணியில இருக்கு. ஊது!" என்றாள் க்ளெனிஸ்.

"எனக்கு முழங்கால் வலிக்குது."

"முழங்காலாலயா ஊதப் போற?"

இட்ரிஸ் கையைத் தூக்கிவிட்டார். "சரி, நான்தான். ஒத்துக்கறேன். செரன்கிட்டயும் சொல்லிடறேன். போதுமா? கிளம்பு, போலாம்."

க்ளெனிஸ் பெருமூச்சு விட்டாள். ஆனால் மெய்ரா விடுவதாக இல்லை. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆளை அவள் இந்தக் கடையில் பார்த்ததே கிடையாது. "ஒத்துக்கிட்டாலும் எண்ணை எழுதணும் மிஸ்டர் ஹோவல்ஸ். அது இல்லாம இங்கேர்ந்து போக முடியாது."

வேறு வழியில்லாமல் வாங்கி ஊதினார். திரையில் ஏறும் எண்ணை மூவரும் பார்த்தார்கள். ஒன்று. இரண்டு. அதோடு நின்றுவிட்டது.

"ரெண்டா?" மெய்ரா நிமிர்ந்தாள். "ஏழுக்குக் கீழே இருந்தாலே சுத்தம். இவர் சிகரெட்டைத் தொட்டதாவே தெரியலயே!"

"மெஷின் ரிப்பேரா இருக்கும்" என்றாள் க்ளெனிஸ். குரலில் பழைய வேகம் இல்லை.

"அதையும் பாத்துடலாம். உங்க பேரும்தான் திட்டத்துல இருக்கு." மெய்ரா வாய்க்குழலைக் கழற்றிப் புதியதை மாட்டி, க்ளெனிஸ் பக்கம் நீட்டினாள். க்ளெனிஸின் கை கைப்பையைவிட்டு நகரவில்லை.

நொண்டிக்கொண்டே நடுவில் வந்து நின்ற இட்ரிஸ் அந்தக் கருவியைக் கையால் பொத்தினார்.

"பஞ்சைக் கருக்கினா அவ சிகரெட் வாடை மறைஞ்சுடும்னு பாத்தேன், மறையல" என்றார் மெதுவாக. "அவளை விட்டுரும்மா. குழந்தையைத் தூக்காம நான் இருந்துக்குவேன், அவளால முடியாது."