குயிலுக்கு ஜாமீன்

மாந்தோப்பு நீதிமன்றத்தில் ஆமைதான் நீதிபதி. நல்லவர் என்று பேர். குற்றம் நிரூபணம் ஆகும்வரை யாரையும் அடைத்துவைக்க அவருக்குப் பிடிக்காது.

மா பூக்கிற சமயம், ஒரு குயிலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிளியின் அத்திப்பழத்தைத் தின்றுவிட்டதாகப் புகார்.

"ஜாமீன் கொடுத்தாச்சு," என்றார் ஆமை. "சொந்தக் கூடு உள்ள உறவுக்காரர் ஒருத்தர் வந்து பொறுப்பு ஏற்கட்டும், போகலாம்."

எல்லோருக்கும் போடுகிற நிபந்தனைதான். பிறந்தது முதல் வீட்டை முதுகிலேயே வைத்திருப்பவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மாம்பழமெல்லாம் உதிர்ந்து, மழை பிடித்த பிறகுதான் விசாரணை வந்தது. தின்றது அணில் என்று புகார் சொன்ன கிளியே ஒப்புக்கொண்டது.

"குயில் எங்கே இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள், விடுதலை," என்றார் ஆமை.

"இங்கேதான் பொந்துக்குள்ள அடைஞ்சு கிடக்குதுங்க ஐயா," என்றது காவல் காகம்.

ஆமை திடுக்கிட்டார். "அன்றைக்கே ஜாமீன் கொடுத்தேனே!"

குயில் மெல்ல வெளியே வந்தது. "எங்க சனத்துல கூடு கட்டுறவங்க யாருமே இல்லீங்க ஐயா."

"அதை அப்போதே சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேனுங்க. நீங்க அடுத்த வழக்கைக் கூப்பிட்டுட்டீங்க."

இணையைக் கூவி அழைக்கிற காலம் முடிந்துபோயிருந்தது. குயில் ஒரு நனைந்த கிளையில் போய்ச் சும்மா உட்கார்ந்தது. ஆமை அதைப் பார்க்க மாட்டாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒளிந்துகொள்ள அவருக்கு ஒரு வீடு இருந்தது.