மூன்று சகலை, ஒரு கடை

"நானும் வரேன்!" என்று ஐந்து வாஷரை நடுவில் தள்ளினார் பெரிய சகலை. தன் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க போறப்ப நான் மட்டும் என்னத்துக்கு வீட்ல இருக்கணும்?" என்று நடு சகலையும் ஐந்தைத் தள்ளினார்.

சின்னவருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

மாமனாருக்கு மகள்கள் மூவர், மாப்பிள்ளைகள் மூவர். கடைத்தெரு முக்கில் இரும்புச் சாமான் கடை மட்டும் ஒன்றே ஒன்று. ஒரு மாப்பிள்ளையைக் கைகாட்டினால் இரண்டு மகள்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் போக்கர் ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. ஆளுக்கு ஐம்பது பித்தளை வாஷர், கடைச் சரக்குதான். மொத்தமும் யார் முன்னால் சேர்கிறதோ அவர் கையில் கடைச் சாவி.

சின்னவருக்கு அந்தச் சாவி தேவைப்பட்டது. அவர் வேலை பார்க்கும் கூரியர் ஆபீஸில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் டீ குடிக்க அனுப்புவார். இனி யார் முன்னாலும் கைகட்டி நிற்பதில்லை என்ற வைராக்கியத்தோடு, ஒரு மாதமாகப் புத்தகம் வாங்கி ஆட்டத்தைப் படித்திருந்தார்.

"வாஷரை அப்படித் தட்டாதீங்க, சரக்கு தேயும்" என்றார் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த மாமனார்.

சின்னவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு எழுந்து வந்தார்.

"என்னங்க, ஜெயிச்சிடுவீங்களா?" என்றாள் மனைவி.

"ஜெயிக்கிறதா? அள்ளிட்டு வரேன் பாரு. உங்க அத்தான்மார் ரெண்டு பேருக்கும் வேண்டாம்னு சீட்டைக் கீழ வைக்கவே தெரியலை. நான் எவ்வளவு வெச்சாலும் 'நானும் வரேன்'. சரி, ஒரு தடவையாவது தானா ஏத்தி வைப்பாங்களான்னா, அதுவும் கிடையாது."

"அது நல்லதா கெட்டதா?"

"இவங்ககிட்ட மிரட்டல் எடுபடாது. பயப்படுறதுக்கும் கொஞ்சம் ஆட்டம் தெரியணும்ல? அதனால சும்மா வெச்சு மிரட்டுறதை நிறுத்திட்டேன். நல்ல சீட்டு வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு ஒதுங்கி இருக்கணும். வந்துட்டா, வெட்கமே படாம பெருசா வெக்கணும். அவங்களே பின்னாடி வந்து கொடுத்துட்டுப் போவாங்க."

"பெரிய அத்தான் அவ்வளவு விவரம் இல்லாதவரா? கார் வாங்கப் போய் நாலு கடைக்காரனை அழ வெச்சவராச்சே?"

"பேரம் பேச வாய் போதும். இது மூளை வேலை" என்று நெற்றியைத் தட்டிக்காட்டிவிட்டுத் திரும்பினார்.

வகுத்த திட்டம் பிசகவில்லை. சுமாரான சீட்டு வந்தபோதெல்லாம் சின்னவர் ஒதுங்கினார்.

"தம்பிக்குக் குளிர் விட்டுப்போச்சுன்னு நினைச்சேன், நடுங்குறாரே" என்று சீண்டினார் நடு சகலை.

நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் சின்னவர் பத்து, பதினைந்து என்று வைத்தார். இருவரும் விடாமல் வந்தார்கள். அவர் சீட்டை விரித்ததும் ஒரு பார்வை பார்ப்பார்கள், "போச்சு!" என்று தங்களுடையதைக் கவிழ்த்துப் போடுவார்கள். மூளையைத் தேங்காய் மாதிரி முழுசாக உடைக்காமலே வைத்திருக்கிறார்கள் என்று சின்னவர் மனதுக்குள் பரிதாபப்பட்டார்.

ஒரு மணி நேரத்தில் அவர் முன்னால் தொண்ணூறு வாஷர். மற்றவர்களிடம் முப்பது முப்பது.

அடுத்த கையில் அவருக்கு மூன்று ஒன்பது வந்தது. வேண்டாத இரண்டு சீட்டைப் போட்டுவிட்டு வேறு இரண்டு எடுத்தார். இரண்டும் நாலு! ஒரே சீட்டு மூன்று, கூடவே ஒரு ஜோடி; இதை வெல்லும் சீட்டு வருவது அபூர்வம்.

நடு சகலை மூன்று சீட்டைப் போட்டுவிட்டு மூன்று வாங்கினார். பெரியவர், "எனக்கு மாத்த வேண்டாம், இருக்கிறதே போதும்" என்று சாய்ந்துகொண்டார்.

ஒரு சீட்டும் மாற்றாதவனைக் கண்டால் பயப்படு என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகம் எழுதியவர் பெரிய சகலையைப் பார்த்ததில்லை.

"முப்பது" என்றார் சின்னவர்.

"நானும் வரேன்!"

"நானும்!"

சின்னவர் விரித்தார். மூன்று ஒன்பது, இரண்டு நாலு.

"அடடா, போச்சே!" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லி, சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்தார்கள். பெரியவர் அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். "கடைக்கு ஏத்த ஆளு நீங்கதான் தம்பி!" தாங்களே ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். அடுத்த நிமிடம் இருவரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சின்னவர் சீட்டுகளைச் சேர்த்தார். பெரியவர் கவிழ்த்த ஐந்தும் கையில் புரண்டன. மூன்று ராஜா, இரண்டு ராணி.

"சகலை! இது என்னோடதைவிடப் பெருசாச்சே?"

"அப்படியா? கண்ணாடி கொண்டுவரலை தம்பி" என்றார் பெரியவர், மூக்கின் மேலிருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

நடு சகலை வேண்டாம் என்று போட்ட மூன்றையும் சின்னவர் புரட்டினார். மூன்றும் ஏஸ், கட்டிலேயே பெரிய சீட்டு.

"சீட்டை விடுங்க மாப்பிள்ளை" என்று சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார் மாமனார். "ஏழரைக்குத் திறந்து கூட்டி வைங்க, எட்டுக்கு நான் கல்லாவுக்கு வந்துடுவேன். உயிர் இருக்கிற வரைக்கும் அங்க நான்தான், ஒரு ஆணி விக்கணும்னாலும் என்னைக் கேட்டுத்தான் விக்கணும்னு போன மாசமே இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். உடனே, 'அப்ப சீட்டாடி முடிவு பண்ணிக்கலாம் மாமா'ன்னு யோசனை சொன்னதே அவங்கதான்!"