வெறுங்கை ஆயுதமா?

பகடை உருட்டி ஆடும் பூத வேட்டை விளையாட்டில் தணிகைவேலின் வீரன் வாளைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றான். ஆயுதத்தால் அடித்தால் இரட்டிப்புச் சேதம் என்றது விதிப்புத்தகம். முஷ்டி ஆயுதமா இல்லையா என்று மட்டும் அது சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான நடுவர் எந்திரத்தோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி, ஆயுதம்தான் என்று தீர்ப்பு வாங்கினான். பூதம் செத்தது.

மறுநாள் தங்கைக்குக் குழந்தை பிறந்த சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வாசலில் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள்.

“ஆயுதங்களை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்,” என்றது கதவு. அதே நடுவரின் குரல்.

“கையைக் கழட்டியா வைக்க முடியும்? எந்தப் புண்ணியவான் வாங்கின தீர்ப்புய்யா இது?” என்று ஒரு பெரியவர் கத்தினார்.

“இப்போது வந்தாரே, அவர்தான்,” என்றது கதவு.

மாடி ஜன்னலிலிருந்து தங்கை கூப்பிட்டாள். “அண்ணே, தாய்மாமன் நீயே அங்க நின்னா எப்படி?”

“முஷ்டி ஆயுதமே இல்லீங்க! தீர்ப்பை மாத்துங்க!” என்று கதவிடம் கெஞ்சினான் தணிகைவேல்.

“சேதத்தை அளந்து பார்த்தால்தான் மாற்ற முடியும். யாராவது இவரை ஒரு குத்து குத்திக் காட்டுகிறீர்களா?”

ஐம்பது பேரும் கை தூக்கினார்கள்.