சம இடைவெளி

வேன்காரனின் சட்டைக் காலரைப் பிடித்த கையை அவர் விடுவதாக இல்லை.

தெரிந்தவர்களெல்லாம் அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகச் சாலைகளுக்கு வெள்ளைக் கோடு போடுகிறவர். அவர் கோடு போட்ட இந்த வளைவில்தான், பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்த அவருடைய தங்கையை நேற்று வேன் அடித்துத் தள்ளியது. டீச்சர் வேலை பார்க்கிறவள். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மறுபடி நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

“ரோட்டுக்குக் குறுக்க பதினெட்டுக் கோடு போட்டு வெச்சிருக்கேன். உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?”

“கோடு தெரிஞ்சுதுண்ணே. வேகமாப் போற மாதிரிதான் தெரியலை.”

கோட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேகம் தெரியவில்லையாம். செய்வதையும் செய்துவிட்டுப் பேச்சைப் பார்.

விசாரணைக்கு வந்த இன்ஜினியர் பெண் சாலையில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். அளக்கட்டும். நன்றாக அளக்கட்டும். ஒரு நூல் பிசகியிருந்தாலும் இந்தத் தொழிலையே விட்டுவிட அவர் தயார்.

முதல் கோட்டிலிருந்து வளைவு வரைக்கும் எல்லா இடைவெளியும் நான்கு மீட்டர்.

அவள் ஜீப்பின் முன்பக்கம் வரைபடத்தை விரித்தாள். அதில் முதல் இரண்டு கோடுகளுக்கு நடுவே எட்டு மீட்டர் இருந்தது. வளைவை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்து, கடைசியில் இரண்டு மீட்டருக்கு வந்திருந்தது.

“கோடு நெருங்கி நெருங்கி வந்தா, ஓட்டுறவங்களுக்கு வண்டி வேகமெடுக்கிற மாதிரி தோணும். கால் தன்னால பிரேக்குக்குப் போயிடும். கண்ணை ஏமாத்தத்தாண்ணே இப்படி வரைஞ்சு குடுத்தேன். யாரு மாத்தினது?”

அந்த வரைபடம் கைக்கு வந்த அன்றும் அவருக்குக் கோபம்தான் வந்தது. இடைவெளி விடத் தெரியாதவர்களெல்லாம் வரைய வந்துவிட்டார்கள் என்று ஆட்களிடம் சத்தம் போட்டார். அவர்களை நம்பாமல், ஒரு பகல் முழுக்க வெயிலில் குனிந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் தானே அளந்து சாக்பீஸில் குறித்தார்.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“அளவு தப்பா இருந்துச்சும்மா,” என்றார். “நான்தான் சரி பண்ணினேன்.”