இடது ஓரம்

காணோம்.

மறுபடியும் மேலேயிருந்து கீழே பார்த்தாள். திரையின் இடது ஓரம். கடைசியாகத் திறந்த ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும் இடம்.

அங்கேதான் இருக்கும். ஒரு கிளிக். அவ்வளவுதான் வேலை.

அவளுடைய நத்தை ஆராய்ச்சி அங்கே இல்லை.

'அசோசியேஷன் மெயின்டனன்ஸ்' இருந்தது. 'லிஃப்ட் கொட்டேஷன்' இருந்தது. அபார்ட்மென்ட்டுக்குச் செயலாளர் அவள் கணவர் மகாராஜன். கையெழுத்து அவருடையது. மற்றதெல்லாம் இவள் தலையில்.

'கவின் ப்ராஜெக்ட்' இருந்தது. எரிமலை. மகனுக்கு நல்ல மார்க். யார் வாங்கிய மார்க் என்று டீச்சருக்கும் தெரியும்.

'அத்தை கண் ஆபரேஷன்' இருந்தது.

'உமா பால்காய்ப்பு' இருந்தது. நாத்தனார் புதுவீட்டுப் பத்திரிகை. பெரியப்பா பெயர் முதலிலா, தாய்மாமன் பெயர் முதலிலா என்று அங்கே சண்டை. இங்கே இவள் மாற்றி மாற்றி அடித்து விரல் தேய்ந்தது.

ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய அவசரமும் அங்கே உட்கார்ந்திருந்தது. அவளுடையதற்குத்தான் இடமில்லை.

எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது. எரிச்சல்தான் முதலில்.

காலையில் ஜெபசிங் சார் போன் செய்திருந்தார். அவளுடைய வழிகாட்டி. இன்றோடு பணி ஓய்வு. "சாயந்தரத்துக்குள்ள அனுப்பிரும்மா. நாளைக்கு என் கையெழுத்து செல்லாது" என்றார்.

இத்தனை வருஷமாக அவளுக்காக ஒவ்வொரு தடவையும் கெடு நீட்டி வாங்கித் தந்த மனுஷன். இனி நீட்ட ஆளில்லை. இன்று போனால் பதிவும் போச்சு, பட்டமும் போச்சு.

முடிஞ்சிருச்சு சார், ஒரு பார்வை பார்த்துட்டு அனுப்பிடறேன் என்று சொல்லியிருந்தாள். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

எங்கே வைத்தோம்? தெரியவில்லை. தெரிந்துவைத்துக்கொள்ளத் தேவையே இருந்ததில்லை. தெருமுனைக் கடைக்குப் போக யார் முகவரி வைத்துக்கொள்கிறார்கள்?

தேடும் கட்டத்தில் 'நத்தை' என்று அடித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

அதையே ஆங்கிலத்தில் அடித்தாள். பச்சைக்கோடு ஊர்ந்தது. நின்றது. ஊர்ந்தது. சனியன், நத்தையே தேவலாம்.

மவுஸை மேஜையில் ரெண்டு தட்டு தட்டினாள். சமையலறையில் குக்கர் வேறு கத்தியது. கத்தட்டும்.

பொறுக்க முடியாமல் தானே உள்ளே போய்த் தேடினாள். 'நியூ ஃபோல்டர்.' அதைத் திறந்தால் இன்னொரு 'நியூ ஃபோல்டர்.' அதற்குள் யாருடையதோ ஜாதகம். யாருடையதோ வளைகாப்பு. தலையெழுத்து.

பச்சைக்கோடு ஓரம் தொட்டது.

கிடைத்தது.

'பழைய சிஸ்டம்' என்ற ஃபோல்டருக்குள் இருந்தது.

அவள் சிறிது நேரம் அந்தப் பெயரையே பார்த்தாள்.

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டபோது கவின் நாலாவது படித்தான். அதில் இருந்ததையெல்லாம் அப்படியே அள்ளி இதில் கொட்டினார்கள். இப்போது அவன் எட்டாவது.

இடது ஓரத்தில் எப்போதும் இருந்தது என்று நினைத்தாளே, அது அந்தத் திரையில்.

இந்தத் திரையில் அவள் அதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் எதையும் தொலைக்கவில்லை. பாவம், அதைப் போய்த் தட்டினாள்.

திறந்தாள். தாமிரபரணியில் முழங்கால் தண்ணீரில் நின்று பொறுக்கிய ஓடுகள். ஒவ்வொரு படத்திலும் ஓட்டின் பக்கத்தில் அளவுக்கு ஒரு ஒற்றை ரூபாய். எல்லா இயலும் இருந்தது. அட்டவணை இருந்தது. முடிவுரை மட்டும் அரைப் பக்கம்.

அதன் கடைசி வரி: 'ஆகவே இந்த நத்தைகள்'

அதற்கு மேல் இல்லை. முற்றுப்புள்ளிகூட இல்லை. அன்று யாரோ கூப்பிட்டிருப்பார்கள். இதோ வந்துட்டேன் என்று எழுந்து போயிருப்பாள்.

ஆகவே இந்த நத்தைகள் என்ன? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"இந்தா, அந்த லிஃப்ட்டு கொட்டேஷனை ஒரு ப்ரிண்ட் எடுத்துரு." சோபாவிலிருந்து மகாராஜன் குரல். லிஃப்ட்காரர்கள் வருகிறார்கள் என்று லீவு போட்டிருந்தார். "ஆளுங்க கீழ வந்துட்டாங்களாம்."

கை தானாக இடது ஓரத்துக்குப் போனது.

லிஃப்ட் கொட்டேஷன். வலது கிளிக். வரிசையிலிருந்து நீக்கு.

ஃபைல் எங்கும் போகாது. வரிசையிலிருந்துதான் போகும். அது அவளுக்குத் தெரியும்.

மெயின்டனன்ஸ். நீக்கு.

எரிமலை. நீக்கு.

பால்காய்ப்பு. நீக்கு. இதற்கு மட்டும் கொஞ்சம் அழுத்தியே அமுக்கினாள்.

அத்தையின் கண்ணில் விரல் தயங்கியது. பிறகு அதையும் நீக்கினாள்.

மகாராஜன் எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார்.

"ஏய், எல்லாம் எங்க போச்சு?"

"உள்ளதான் இருக்கு."

"எங்கன்னு?"

"எனக்கும் தெரியாதுங்க. சாயந்தரமா உக்காந்து தேடுங்க."

காலிங் பெல் அடித்தது. அவர் கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கதவைத் திறப்பது எப்போதும் அவள்தான்.

பெல் மறுபடி அடித்தது.

அவள் அந்த அரை வரியை அழித்தாள். விரல்களை நெட்டி முறித்துக்கொண்டாள். 'ஆகவே' என்று மட்டும் அடித்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.