இடப்பக்க நாற்காலி

க்ளூஜ் நகரத்தில் ஆறே பேர் வேலை பார்க்கும் புதுக் கம்பெனி அது. இலிங்கா அங்கே சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றுதான் முதல்முறையாகத் தனியாக உட்கார்ந்து, வேலை கேட்டு வந்த இரண்டு பேரை நேர்காணல் செய்தாள்.

முதலில் வந்த பெண் எல்லாப் பதிலையும் இலிங்காவுக்கு இடப்பக்கம் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தே சொன்னாள். அடுத்து வந்த தாடிக்காரரும் அப்படியே செய்தார். ஆபீசில் எவனோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று இலிங்காவுக்குப் பட்டது.

"அங்க யாரைப் பார்த்துப் பேசறீங்க?"

"கேள்வி கேட்கிறவங்களைத்தானே மேடம் பார்க்கணும்" என்றார் அவர் பணிவாக.

அவரை அனுப்பிவிட்டு நேரே முதலாளி ஹோரியாவிடம் போனாள். "வந்த ரெண்டு பேரும் என் இடப்பக்கக் காலி நாற்காலியைப் பார்த்தே பேசறாங்க. ஆள் விட்டு என்னைக் குழப்பி, வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறீங்களா? நேராச் சொல்லிடுங்க."

ஹோரியா சிரிக்கவில்லை. "உன்னையும் நான் தனியாத்தான் இன்டர்வியூ பண்ணேன். நீயும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசினே."

தன் நேர்காணலில் ஹோரியாவுக்கு இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர்க்காரி இலிங்காவுக்கு நினைவுக்கு வந்தாள். வேலையில் சேர்ந்த பிறகு அவளைப் பார்க்கவே இல்லை. வேறெங்கோ வேலைக்குப் போயிருப்பாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அன்று கடைசியாக அவள் கேட்டது, "இங்க எவ்வளவு நாள் இருப்பே?"

"நீங்க இருக்கிற வரைக்கும்" என்று இலிங்கா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.